வேண்டுதலில் மாட்டிய மீன்

இருபத்திரண்டு வயதுக்குள் இரண்டு வேலையைத் தொலைத்தவள் நான். முதல் கம்பெனியில் சட்டை மேல் அயர்ன் பாக்ஸை வைத்துவிட்டு ஜன்னல் காக்காயை வேடிக்கை பார்த்தேன். இரண்டாவதில் எதற்குத் துரத்தினார்கள் என்பதே மறந்துவிட்டது.

மூன்றாவதாக ஒரு வாய்ப்பு வந்தது. மணலி பக்கம் கன்டெய்னர் யார்டில் டாலி கிளார்க். உள்ளே வரும் ஒவ்வொரு டிரெய்லர் மேலும் இருக்கும் கன்டெய்னர் எண்ணை, நாலு எழுத்து, ஏழு இலக்கம், பிசகாமல் எழுத வேண்டும். முதல் நாள் சோதனையில் நான் பாதி கன்டெய்னரைக் கோட்டைவிட்டேன். சூப்பர்வைசர் ஷாகுல் ஹமீது பாய் நல்ல மனுஷர். "வர்ற வியாழக்கிழமை இன்னொரு தபா வாம்மா. அதுக்கப்புறம் என்னைக் கேக்காதே," என்றார்.

அந்தச் சோதனை நாள் காலை நான் சாப்பிட்டது ஒரு டீ, ஒரு பன்.

திங்கட்கிழமை அம்மா என்னை பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். அம்மா பெயர் கன்னியம்மா. திருவொற்றியூர் குப்பத்தில் அவள் மீன் கூடையை இறக்கினால் தெருவே வாயை மூடும். டாக்டரம்மா ஒரு மணி நேரம் கேள்வி கேட்டுவிட்டு, ஏ.டி.ஹெச்.டி, கவனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறு என்றார். மாத்திரை எழுதினார். பிறகு, காலையில் என்ன சாப்பிடுவேன் என்று கேட்டார். சொன்னேன். தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான்.

"சாப்பாட்டால இது குணமாகாது. ஆனா காலி வயித்துல டீயும் சர்க்கரையும் போட்டா இருக்கிற கவனமும் ஓடிடும். காலையில முட்டை, மீன், சுண்டல், ஏதாவது சத்தா சாப்பிடணும்."

"எப்ப தெளியும் டாக்டரம்மா?" என்றாள் அம்மா.

"தெளியிற வியாதி இல்லம்மா. ஆயுசுக்கும் சமாளிக்கிற சங்கதி."

அம்மா முகம் வெளுத்தது. பஸ்ஸில்தான் விஷயம் வெளியே வந்தது. போன வெள்ளிக்கிழமை கங்கையம்மன் கோயிலில் சூடம் ஏற்றி வேண்டிக்கொண்டாளாம். என் மனசு ஒரு நிலைக்கு வருகிற வரை வீட்டில் இருவரும் மீனையும் முட்டையையும் வாயில் வைக்கமாட்டோம் என்று. மீன் விற்று வளர்த்த வீட்டில்! கொழுப்பெடுத்த வேண்டுதல். எனக்கு வந்த ஆத்திரத்தில் டிக்கெட்டை மென்று துப்பினேன். பிறகு செக்கர் ஏறினார். அது தனிக் கதை.

"சுண்டல் துன்னு. ஆத்தா சுண்டலுக்கு இன்னா சொல்லப் போறா?" என்றாள்.

கொண்டைக்கடலையை ஊறப் போட்டேன். மறந்தேன். புதன்கிழமை அது மூலையில் நுரைத்து நாறிக்கொண்டிருந்தது. அம்மா அதைச் சட்டியோடு கொட்டிவிட்டு நேரே கோயிலுக்குப் போனாள்.

வியாழன் காலை எண்ணெய் காயும் வாசனையில் எழுந்தேன். தட்டில் இரண்டு காணாங்கத்தை மீன், முட்டை, சோறு.

"ம்மா, வேண்டுதல்?"

"ஆத்தாகிட்ட பேசிட்டேன். எம் பொண்ணு பங்கையும் என் தலைல போட்டுடு, அவ மனசு நிக்கிற வரைக்கும் நான் வாயில வெக்க மாட்டேன்னு சொல்ட்டேன். துன்னு."

"அதான் டாக்டரம்மா ஆயுசுக்கும்னு..."

"எனக்குக் காது கேக்குது. துன்னுடி, நேரமாவுது."

சாப்பிட்டேன். மாத்திரையும் போட்டேன். யார்டில் அறுபது டிரெய்லர், இரண்டே தப்பு. மீன் செய்ததா, மாத்திரை செய்ததா, பயம் செய்ததா தெரியாது. மயக்கமும் எரிச்சலும் இல்லாமல் பதினோரு மணி வரை தாங்கினேன், அது எனக்குப் புதுசு. பாய் தாளைப் பார்த்துவிட்டு, "திங்கக்கிழமையிலேர்ந்து வந்துடு," என்றார்.

வழியெல்லாம் ஒரு பொய்யைத் தயார் செய்தேன். மீன் இல்லாமல் ஒரு வேளை சோறு இறங்காதவள் என் அம்மா. அவள் ஆயுசு முழுக்க ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தால் எனக்கு அந்த வேலை எதற்கு?

வீட்டு வாசலில் அம்மா காலி கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ம்மா, வேல கெடச்சிட்சு! மனசு கல்லு மாதிரி நின்னுட்சு. எனக்குத் தெளிஞ்சிப் போச்சு. ஆத்தாகிட்ட சொல்லிட்டு ராத்திரிக்கு மீன் ஆக்கு."

அம்மா என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பார்வை காலில் நின்றது. குனிந்தேன். இடது காலில் என் நீலச் செருப்பு. வலது காலில் அம்மாவின் சிவப்புச் செருப்பு.

அவள் புடவையைச் சற்று தூக்கிக் காட்டினாள். மீதி இரண்டும் அங்கே இருந்தன. காலையிலிருந்து அப்படியே காசிமேடு மீன் துறைமுகம் போய், தெருத்தெருவாகக் கூவிவிட்டு வந்திருக்கிறாள்.

"தெளிஞ்சிட்சாம்," என்றாள். சிரித்த சிரிப்பில் கூடை உருண்டது. நானும் சிரித்தேன், எனக்கு அழுகையும் வந்தது.

ராத்திரி என் தட்டில் வஞ்சிரம் துண்டு விழுந்தது. அவள் தட்டில் ஊறுகாய்.

"ஒரு வாய் துன்னும்மா. யாருக்கும் தெரியாது."

"ஆத்தாளுக்குத் தெரியும்," என்று என் துண்டிலிருந்து முள்ளை எடுத்துப் போட்டாள். "நீ ஒன் தட்டப் பாத்து துன்னு."