பாலிஷ் குப்பி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டில் மதுவிலக்கு வந்து பட்டணத்துச் சாராயக் கடைகளை மூடியபோது, சாந்தோமில் அல்போன்சாவைப் போல் சந்தோஷப்பட்டவர்கள் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அன்றைக்கே கோயிலுக்குப் போய் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள். அவள் கணவர் ஆம்ப்ரோஸ் கணக்கு வாத்தியார். பதினொரு வருஷக் குடி. ஒருநாளும் கை நீட்டியதில்லை. குடித்துவிட்டு வந்து, மன்னிப்புக் கேட்டபடியே தூங்கிப்போவார்.

மூன்றாம் நாள் அவருக்குக் கை நடுங்கத் தொடங்கியது. சட்டைக்குப் பொத்தான் போட முடியவில்லை. வெறும் சுவரைப் பார்த்து, எறும்பு ஊறுகிறது என்று துடைத்துக்கொண்டே இருந்தார். டாக்டர் வந்து பார்த்தார்.

"சர்ட்டிபிகேட் தர்றேன். குடிக்கறதுக்கு சர்க்கார் பர்மிட் வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கலாம்."

"குடிகாரன்னு நானே கையெழுத்துப் போடணுமா?" என்றார் ஆம்ப்ரோஸ். "அப்புறம் எந்தப் பள்ளிக்கூடத்துல வெச்சுக்குவாங்க?"

ஒரு வாரத்தில் நடுக்கம் நின்றது. அல்போன்சா ஜெபம் பலித்ததென்று நினைத்தாள். ஆனால் அவர் மூச்சில் புதிதாக ஒரு வாடை. ஸ்பிரிட் கலந்து மேசை நாற்காலிக்குப் பூசும் பாலிஷின் வாடை. தெருக்கோடியில் தச்சுப்பட்டறை வைத்திருந்த கோதண்டபாணியிடம் ஓடினாள்.

"நான் குடுக்கல வாத்தியாரம்மா. அவரே வந்து எட்த்துக்கினு போறாரு. பெரிய மன்சன், நான் இன்னான்னு சொல்றது?"

"பூட்டி வை தம்பி. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

பூட்டினான். இரண்டாம் நாள் காலை ஆம்ப்ரோஸ் கூடத்தில் விழுந்தார். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் நுரை தள்ளியது. அவள் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு கத்தினாள். இழுப்பு நின்றதும் அவர் கண்ணைத் திறந்து, "ஒரு மடக்கு. செத்துடுவேன் அல்போன்சா" என்றார்.

அவள் எழுந்து பட்டறைக்குப் போனாள்.

"இன்னாம்மா, நீயே கேக்கறே?"

"கொடு தம்பி."

"இது புது டின்னு. எப்படி கீதுன்னு எனக்கே தெரியாது."

"கொடு."

குடித்ததும் அவர் அடங்கித் தூங்கினார். மறுநாள் காலை அவர் எழுந்தபோது வெயில் கட்டில்வரை வந்திருந்தது. "விளக்கு ஏத்தலையா?" என்று கேட்டார்.

ஆஸ்பத்திரியில், பாலிஷில் இருந்த விஷத்தால் கண் நரம்பு செத்துவிட்டது, இனிமேல் பார்வை வராது என்றார்கள்.

"யார் வாங்கிக் கொடுத்தது?"

"நான்தான்" என்றாள். டாக்டர் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதத் தொடங்கினார்.

கோதண்டபாணி போலீசுக்குப் பயந்து பட்டறையை மூடிவிட்டு எங்கோ போய்விட்டான். பள்ளிக்கூடத்தில் வேறு வாத்தியார் வந்தார். பாவசங்கீர்த்தனத்தில் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சாமியார் மன்னிப்புக் கொடுத்தார். அவளுக்கு அது போதவில்லை.

"நீ கொடுக்கலேன்னா நானே தேடிப் போயிருப்பேன்" என்று ஆம்ப்ரோஸ் அவள் கையைத் தடவித் தேற்றினார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்த நான்காம் நாள், மத்தியானம், அவர் சுவரைப் பிடித்துப் பிடித்து வாசலுக்குப் போவதைப் பார்த்தாள்.

"எங்கே போறீங்க?"

"சும்மா, காத்தாட."

அவர் சட்டைப் பையில் ஒரு காலி மருந்துக் குப்பி துருத்திக்கொண்டிருந்தது. அவள் ஓடிப்போய்த் தாழ்ப்பாளைப் போட்டு, கதவில் முதுகைக் கொடுத்து நின்றாள். அவர் கை கதவைத் தேடி வந்து அவள் தோளில் பட்டது. அது நடுங்கிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் நகரும்மா" என்றார் மெதுவாக.

அவள் நகரவில்லை. அவரும் கையை எடுக்கவில்லை.