குவைத்திலிருந்து வந்த கேஸ் கிரில்

எண்பத்து மூன்றில் மன்சூர் அலி குவைத்திலிருந்து மூன்றாவது தடவையாக லீவில் வந்தபோது, அவனுக்குப் பின்னாலேயே கப்பலில் ஒரு பெரிய மரப்பெட்டியும் வந்து சேர்ந்தது. உள்ளே தையல் மிஷின் இருக்கும் என்று நினைத்து ஆசையாகப் பிரித்த அவன் மனைவி ரோஷன் பேகத்துக்கு முகம் தொங்கிப்போனது. சக்கரம் வைத்த ஓர் இரும்பு அடுப்பு. மேலே கனமான மூடி, உள்ளே கம்பித் தட்டு, முன்னால் இரண்டு திருகு. கேஸ் கிரில் என்றான் மன்சூர். கறி, மீன் எல்லாம் சுடலாமாம்.

இதைக் கொண்டுவரவா இவ்வளவு பாடு என்று அவள் கேட்டாள். கரி மூட்டி விசிறிக்கொண்டு நிற்க வேண்டாம், கண் எரியாது, பத்து நிமிஷத்தில் சூடாகிவிடும், தீயை வேண்டிய அளவுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அவன் அடுக்கிக்கொண்டே போனான். ஆறு வருஷத்தில் எந்தக் கடிதத்திலும் அவன் இவ்வளவு உற்சாகமாகப் பேசியதில்லை.

தருமபுரத்தில் அடுப்பு ரிப்பேர் பார்க்கும் மைக்கேல்ராஜ் வந்து நம்மூர் சிலிண்டருக்குத் தோதாக டியூப் மாட்டிக் கொடுத்தார். மன்சூர் சோப்புத் தண்ணீரைத் தடவி, எங்கேயும் குமிழி வரவில்லை என்று பார்த்த பிறகுதான் நிமிர்ந்தான்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து விருந்து. ரோஷனின் அத்தா சேக் பரீது, உம்மா, தங்கைக்குப் பேசி முடித்திருந்த வீட்டார் என்று பதினைந்து பேர் கொல்லைப்பக்கம் கூடிவிட்டார்கள். மருமகன் குவைத் கம்பெனியில் சூப்பர்வைசர் என்று சேக் பரீது புதுச் சம்பந்தியிடம் இரண்டு தரம் சொல்லியாகிவிட்டது. அப்படித்தான் மன்சூர் கடிதம் எழுதியிருந்தான்.

மன்சூர் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு பற்றவைத்தான். மசாலா தடவிய கோழித் துண்டுகளை வரிசையாக அடுக்கினான். கொஞ்ச நேரத்தில் கொழுப்பு சொட்டி, குபீரென்று தீ எழுந்தது. பெண்கள் பின்னால் நகர்ந்தார்கள். மன்சூர் பதறவில்லை. இடதுபக்கத் திருகை அணைத்து, இடுக்கியால் எல்லாத் துண்டுகளையும் அந்தப் பக்கத்துக்கு ஒரே மூச்சில் தள்ளி, மூடியைப் போட்டுவிட்டான். உள்ளிருக்கும் அனலே வேகவைத்துவிடும் என்று சொல்லிக்கொண்டே, மறு கையால் அடியிலிருந்த எண்ணெய்த் தட்டை உருவி வடித்தான்.

ரோஷன் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சூப்பர்வைசர் கை இல்லை அது. தினமும் இதே வேலை பார்த்த கை. இரண்டு முழங்கையிலும் இருந்த பழைய தழும்புகள் அப்போதுதான் அவளுக்கு விளங்கின. ஆறு வருஷம் எதற்காக மறைத்தார் என்று வருத்தம் வந்தது. கூடவே, மூடியைத் திறந்ததும் வந்த மணத்தில் வாயும் ஊறியது.

சம்பந்தி இரண்டாவது துண்டைக் கடித்துக்கொண்டே, இதை எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டார். மன்சூர் இடுக்கியைத் துடைக்க ஆரம்பித்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

ரோஷன் பக்கத்தில் போய் நின்றாள். "மச்சான், அங்க ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு ஆக்குவீங்க?"

அவன் அவளைப் பார்த்தான். அவள் முகத்தில் கோபம் இல்லை.

"முந்நூறு பேருக்கு," என்றான் மெதுவாக. "வெள்ளிக்கிழமைன்னா நானூறு ஆவும்."

சேக் பரீது மென்றுகொண்டிருந்ததை விழுங்கிவிட்டு, மருமகனை ஒருதரம், அடுப்பை ஒருதரம் பார்த்தார்.

"நானூறு பேரா? அப்ப இன்னும் பத்துத் துண்டு போடுங்க மாப்புள. சம்பந்தி தட்டு காலியா இருக்கு."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். மன்சூரும் சிரித்தான். அவமானப்பட்டுவிடுவோம் என்று பயந்துதான் சமையல் வேலை என்று எழுதவில்லை என்று சாயங்காலம் மனைவியிடம் சொன்னான். நாலு நாள் பேசமாட்டேன் என்றவள், தேத்தண்ணி ஆறுவதற்குள் பேசிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளே கிரில்லைப் பற்றவைத்தாள். யோசனை எதுவும் சொல்லக்கூடாது என்று அவனுக்கு உத்தரவு. கம்பி சூடாகும் முன்னே வஞ்சிரத்தை வைத்துவிட்டாள். திருப்பும்போது ஒட்டிக்கொண்டு நாலாக உடைந்தது. மன்சூர் வாயைத் திறக்கவில்லை. உடைந்த மீனை இரண்டு பேரும் அடுப்போரமாக நின்றபடியே, சூட்டில் விரலை உதறி உதறித் தின்றுமுடித்தார்கள்.