ஒத்தைக் குரல்

சின்னக்கானல் ரிசார்ட்டில் மிக்கேல்ராஜுக்குத் தோட்ட வேலை. கூடவே புல்வெளி ஸ்பீக்கரில் பாட்டுப் போடுவதும் அவன்தான். முதலாளிக்கு விவால்டி, கொரெல்லி என்றால் உயிர். முந்நூறு வருஷத்துப் பழைய சங்கீதம். கூட்டமாக வாசிக்கிற நடுவில் ஒரு பிடில் மட்டும் தனியே எழும்பி அழும். அதே பென்டிரைவில் அறுபதுகளின் அமெரிக்கப் பாட்டுகளும் இருந்தன. நாலு ஆம்பளைகள் சேர்ந்து பாடுவார்கள்.

கீழே பள்ளத்தில் கொழுந்து பறிக்கிறவர்களுக்கு அந்தச் சத்தம்தான் காவல். வேலை முடிந்து வளைவேறி, ரிசார்ட் கேட்டைத் தாண்டித்தான் அவர்கள் லயத்து வீடுகளுக்குப் போகவேண்டும். மைக்கில் கத்தினால் வார்த்தை பள்ளத்தில் உடைந்துபோகும். ராகம் மட்டும் போய்ச் சேரும். அதனால் அவர்களோடு கொழுந்து பறிக்கும் மிக்கேல்ராஜின் பெண்டாட்டி இன்பமேரி ஒரு கணக்கு வைத்திருந்தாள்.

"பிடில் ஒத்தையா அழுதா, பெரியவரு நிக்காருன்னு அர்த்தம், ஏறாதீங்க. நாலு பேரு பாடுனா தொணைக்கு ஆளிருக்கு, வாங்க."

ஆனை என்ற வார்த்தையை அவள் சொல்லமாட்டாள். வளைவில் அதைப் பார்த்தால் மிக்கேல்ராஜ் பிடிலைப் போடுவான்.

அன்று சாயங்காலம் மலையிலிருந்து பனிமஞ்சு இறங்கியபோது வளைவில் ஆனை நின்றது. ஸ்பீக்கரிலோ நாலு பேர் குஷியாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். மிக்கேல்ராஜ் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தான்.

"யாருலே மாத்துனது?"

"கெஸ்ட்டுண்ணே" என்றான் ரிசப்ஷன் ஜோஸ். "அவரு பென்டிரைவைச் சொருகிட்டு, நம்மதப் பாக்கெட்ல போட்டுட்டு மூணாறு போயிட்டாரு."

"வெளங்கிரும். அவ ஏறிக்கிட்டிருப்பாளே!"

"போன் போடுங்க."

"பள்ளத்துல ரேஞ்சு உங்கப்பனா வச்சிருக்கான்?"

பென்டிரைவைப் பிடுங்கினான். பாட்டு நின்றதும் பயம் கூடியது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்துப் பெண்கள் நடந்துகொண்டேதான் இருப்பார்கள். மைக்கைப் பிடித்து, தினமும் கேட்ட அந்தப் பிடில் ராகத்தை வாயாலேயே இழுத்தான். கோயில் பாடகர் குழுவில் பாடிய தொண்டைதான்.

"நானும் சேந்துக்கவாண்ணே? சத்தம் பெருசா கேக்கும்" என்று ஜோஸ் பக்கத்தில் வந்தான்.

மிக்கேல்ராஜ் அவன் வாயைப் பொத்தினான். இரண்டு குரல் கேட்டாலே வரச் சொல்வதாக ஆகிவிடும். ஒத்தைக் குரலையாவது பிடில் என்று எடுப்பாளா, ஆள் பாடுகிறான் என்று ஏறி வருவாளா?

மஞ்சுக்குள் பேச்சுச் சத்தம் ஏறி வந்தது. இன்பமேரியின் சிரிப்பும் கேட்டது. அவன் இன்னும் உயர்த்தி இழுத்தான்.

சிரிப்பு நின்றது. பேச்சும் நின்றது. அதற்குப் பிறகு ஒரு அடியும் ஏறி வரவில்லை.

அவனுக்கு மூச்சு வந்தது. அப்போதுதான் வளைவில் ஆனை காது ஆட்டுவதும் நின்றிருந்ததைப் பார்த்தான். அந்தப் பெரிய தலை சத்தம் வந்த பக்கம் திரும்பியது.

"அண்ணே, உள்ள வாங்க! இங்க வருது!"

நிறுத்தினால் அவள் ஏறிவிடுவாள். கேட்டுக்கு வந்து சேர்வாள். உள்ளே போ என்று ஜோஸுக்குக் கையைக் காட்டினான். வேலிப் பக்கம் தேயிலைச் செடிகள் முறிந்தன. ராகம் முடியும் இடத்துக்கு வந்திருந்தது. மிக்கேல்ராஜ் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து எடுத்தான்.