எத்தனை சொட்டு

பஸ் கழுவும் இடத்துக்குப் பின்னால் நின்று ஓட்டுநர் யோங்பே மின்சிகரெட்டை நாலு இழுப்புதான் இழுத்திருப்பார். நாக்கில் மாம்பழம் இனித்தது. ஐந்தாவதற்கு வாயருகே கொண்டுபோனபோது இரண்டு காதும் அடைத்துக்கொண்டன. நெற்றியில் குளிர்ந்த வியர்வை. சுவரைப் பிடித்து உட்கார்ந்து, குடித்த சூப்பையெல்லாம் வாந்தியெடுத்தார்.

இருபத்தாறு வருடம் சிகரெட் குடித்த உடம்பு. மின்சிகரெட்டுக்கு இப்படி விழாது. கோளாறு அதில் ஊற்றிய திரவத்தில்தான். அதைக் கலந்தது அவரேதான்.

கடைச் சரக்கு விலை அதிகம் என்று ஜின்ஜூ பஸ் பணிமனையில் பாதி ஓட்டுநர்கள் திரவத்தை வீட்டிலேயே கலக்கிறார்கள். காரமான முட்டைக்கோஸ் ஊறுகாயின் பேரை வைத்து, கிம்ச்சி போடுவது என்று அதற்குப் பெயர். வாசனை ஊற ஒரு வாரம் வைக்க வேண்டும். யோங்பேக்கு இது முதல் கிம்ச்சி. போன ஞாயிறு, சமையலறை எடை மெஷின்மேல் புட்டியை வைத்து, கிளிசரினும் மாம்பழ எசன்ஸும் ஊற்றி, நிக்கோடினைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தபோது, அதே பணிமனையில் ஓட்டும் சொக்வொன் போனில் கூப்பிட்டான்.

“என்ன அண்ணே, கிம்ச்சி ரெடியா? எனக்கு ஒரு ஜாடி உண்டுல்ல?”

“உனக்குக் காரம் தாங்காதுடா. போனை வை.”

சிரித்துவிட்டுத் திரும்பினால் எடை மெஷின் தானாக அணைந்திருந்தது. பொத்தானை அழுத்தினார், பூஜ்யம் காட்டியது. பாதிதான் விட்டிருப்போம் என்று குத்துமதிப்பாக மேலும் விட்டார். கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பிக்க மனம் வரவில்லை.

அதிலிருந்து ஒரு சின்னப் புட்டியில் ஊற்றித்தான் இன்று காலை சொக்வொனிடம் கொடுத்திருந்தார். “வழியில நிறுத்துற எடத்துல இழுத்துப் பாக்குறேன்” என்று அவன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பன்னிரண்டரை சியோல் பஸ்ஸை எடுத்துப் போனான். உள்ளே இருபத்தெட்டுப் பேர்.

இப்போது மணி ஒன்று இருபது. ஓட்டும்போது சொந்தப் போனை எடுக்கக் கூடாது. அலுவலகத்தில் சொன்னால் பஸ்ஸில் உள்ள கருவியில் பேசிவிடலாம். ஆனால் சொக்வொன் தற்காலிக ஓட்டுநர். நிரந்தரமாக இன்னும் மூன்று வாரம் இருந்தது. இந்த விஷயம் காகிதத்தில் ஏறினால் அவன் கதை முடிந்தது.

‘அதைத் தொடாதே, தூக்கிப் போடு’ என்று செய்தி அனுப்பினார். படிக்காத செய்தியின் பக்கத்தில் வரும் மஞ்சள் ‘1’ அப்படியே நின்றது. இறங்கியதும் போனைத்தானே முதலில் பார்ப்பான் என்று தனக்கே சொல்லிக்கொண்டார். வழியில் பஸ் நிற்கும் நேரம் இரண்டேகால். இரண்டேகால் ஆனது. ‘1’ போகவில்லை. இரண்டு இருபத்தைந்துக்கும் போகவில்லை. இரண்டரைக்குப் பஸ் கிளம்பிவிடும்.

வண்டிகளைக் கவனிக்கும் பியோ இருந்த அலுவலகத்துக்கு ஓடினார்.

“பியோ மேடம், சொக்வொன் வண்டியக் கூப்பிடுங்க. கிளம்பக் கூடாதுன்னு சொல்லுங்க.”

“என்ன ஆச்சு? உங்க மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கெடக்கு?”

“மொதல்ல கூப்பிடுங்க, சொல்றேன்.”

நெடுநேரம் கழித்துத்தான் கருவியில் சொக்வொன் குரல் வந்தது. நாக்கு குழறியது.

“சொல்லுங்க மேடம்... கொஞ்சம் தலை சுத்துச்சு. இதோ கிளம்புறேன், லேட்டாகாது.”

யோங்பே கருவியைப் பிடுங்கினார். “டேய், இன்ஜினை அணை. அந்தப் புட்டிதான்டா. நான் தப்பா கலந்துட்டேன்.”

“அண்ணே...” குரல் தணிந்தது. “மேடம் பக்கத்துலயா இருக்காங்க?”

“ஆமா.”

“மூணு வாரம்தானே அண்ணே. தண்ணி குடிச்சிட்டு மெதுவா ஓட்டிருவேன்.”

“அணைடா!”

கருவியில் இன்ஜின் உறுமல் கேட்டது. பிறகு அது நின்றது. யாரோ ஒரு பயணி, “ஏன் இன்னும் கிளம்பல?” என்றார்.

பியோ ஒரு பக்கம் ஆம்புலன்ஸையும் மறுபக்கம் மாற்று ஓட்டுநரையும் அழைத்தார். பிறகு போனைக் கையால் மூடிக்கொண்டு திரும்பினார்.

“புட்டியில நிக்கோடின் எவ்வளவுன்னு ஆம்புலன்ஸ்காரங்க கேக்குறாங்க.”

யோங்பே வாயைத் திறந்தார். ஒரு எண்ணைச் சொல்லிவிடலாம், யார் பார்த்தார்கள்?

“தெரியல மேடம்” என்றார். “எவ்வளவுன்னு தெரியாமத்தான் குடுத்தேன்.”

பியோ அதை அப்படியே போனில் திருப்பிச் சொன்னார்.