ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சபீனா

போன ஆண்டுக்கு முந்தின ஆண்டு தை மாதக் கடைசியில், அரக்கோணம் பக்கமிருந்து வந்த பாசஞ்சர் வண்டியிலிருந்து புத்தூர் ரயில் நிலையத்தில் இறங்கிய மூன்று பேருக்கும் நிழல் ஆரஞ்சு நிறத்தில் விழுந்தது. அன்றைக்குக் கனகாம்பரம் விலை ஏறியிருந்ததால் நிலையத்து வாசலில் பூ விற்பவர்கள் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். வந்தவர்களில் ஒருவன் வைத்திருந்த கிட்டாரின் கழுத்து முறிந்து, மூங்கில் தப்பை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. டிரம் வாசிக்கிற பெண் செருப்பில்லாமல் வந்திருந்தாள். மூன்றாவது ஆளுக்கு முதுகு மட்டும்தான் இருந்தது. முகமும் இருந்திருக்கலாம், ஆனால் எந்தப் பக்கம் சுற்றிவந்து பார்த்தாலும் முதுகுதான் தெரிந்தது. ஆட்டோக்காரர் ஒருவர் கிட்டாரைப் பார்த்துவிட்டு, எலும்புக் கட்டுப் போடும் இடத்துக்கா என்று தெலுங்கில் கேட்டார். இல்லை, பழைய ரைஸ் மில் களத்துக்கு என்றார்கள் அவர்கள். சுவரில் அப்படித்தான் எழுதியிருந்தது.

சுவரில் எழுதியவள் அலர்மேல்மங்கை. நகரியில் பவர்லூம் ஓட்டும் வேதாச்சலத்தின் மகள். புத்தூரில் கோவர்த்தனனின் பிளக்ஸ் கடையில் டிசைனர் வேலை பார்த்தாள். தலைவர்களின் பிறந்தநாள் பேனர், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று தமிழிலும் தெலுங்கிலும் நாள் முழுக்கச் செய்து கொடுப்பாள். வேலை செய்யும்போது காதில் எப்போதும் பாட்டு இருக்கும். சினிமாவுக்கு இல்லாமல், தாங்களே எழுதித் தாங்களே இசையமைத்துப் பாடுகிற சின்னச் சின்னக் குழுக்களின் பாட்டு. அவள் வலது கால் தரையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்ததால் அந்தக் காலின் செருப்பு மட்டும் சீக்கிரம் தேய்ந்தது. கல்லூரி நாட்களில் அவளும் சத்தியவேட்டுத் தோழி சபீனாவும் ரயிலேறி சென்னைக்குப் போய் அந்தக் குழுக்களின் நிகழ்ச்சிகளைக் கேட்டுவிட்டு வருவார்கள். சபீனா கூடவே பாடிக்கொண்டு வருவாள். மங்கை சுவரில் ஒட்டியிருந்த போஸ்டர்களைக் கேட்டு வாங்கி, சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு வருவாள். பிறகு சபீனாவுக்கு ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, குழந்தை பிறந்தது. மங்கை தனியாகச் சில முறை போய்ப் பார்த்தாள். பக்கத்தில் பாடுவதற்கு ஆள் இல்லாமல் அந்தப் பயணம் நீளமாகத் தெரிந்தது, விட்டுவிட்டாள். ஆனால் போஸ்டர் ஆசை விடவில்லை. நடக்காத கச்சேரிகளுக்கு, இல்லாத குழுக்களுக்குப் போஸ்டர் போட ஆரம்பித்தாள். பவர்லூம் கொட்டகையின் ஒரு மூலையில் மரச் சட்டத்தில் துணி கட்டி, அதன் வழியே நீல மையையும் ஆரஞ்சு மையையும் இழுத்து இழுத்து அச்சடிப்பாள். விடிந்ததும் பஸ் ஏறி, கடை திறக்கும் முன் புத்தூர்ச் சுவர்களில் ஒட்டிவிடுவாள்.

"கல்யாணத்துக்குப் போட்டா ஒரு அர்த்தம் இருக்குது. இல்லாத ஆளுக்கு இன்னாத்துக்கும்மா போஸ்டரு?" என்று வேதாச்சலம் கேட்டார்.

"இருந்தா நல்லா இருக்கும் நைனா. அதுக்குத்தான்" என்றாள் மங்கை.

முதல் போஸ்டரில் குழுவின் பெயர் 'புத்தூர் கட்டு'. போஸ்டர் என்றால் இடமும் நாளும் வேண்டும் என்பதற்காக ஏதோ ஒரு நாளையும் ரைஸ் மில் களத்தையும் போட்டிருந்தாள். அந்த நாளில், அவள் வரைந்திருந்தபடியே, அந்த மூவரும் வந்து இறங்கினார்கள். களத்தைக் கூட்டிப் பெருக்கும் பாப்பாத்தி, கேட்டிலேயே ஒட்டியிருந்ததால் யாரோ அனுமதி வாங்கியிருப்பார்கள் என்று நினைத்துத் திறந்துவிட்டாள். கட்டுப் போட்டுக்கொள்ள வெளியூர்களிலிருந்து வந்து தங்கியிருந்தவர்கள், மாலையில் வேறு போக்கிடம் இல்லாமல், கையையும் காலையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். மங்கை கடையிலிருந்து ஓடிவந்து பார்த்தபோது முதுகுக்காரன் வாசித்துக்கொண்டிருந்தான். தான் கிறுக்கிய கோடுகளெல்லாம் சத்தமாக மாறி வருவதைக் கேட்டபடி அவள் கேட்டிலேயே நின்றுவிட்டாள். முடிந்ததும் மூவரும் ரயிலேறிப் போனார்கள். கோவர்த்தனன் மட்டும், அடுத்த முறை போஸ்டர் அடியில் கடை பெயரையும் சின்னதாகப் போடு என்றார்.

அந்தக் கோடை முழுக்க இப்படியே போனது. மங்கை கால்களை ரொம்ப நீளமாக வரைந்துவிட்டதால் ஒரு குழு ரயிலில் நிற்க முடியாமல் உட்கார்ந்தே வந்தது. டேபிள் ஃபேன் வாசிக்கிறவன் ஒருவன் வந்தான். ஊர் பழகிக்கொண்டது. மங்கைக்குத்தான் அமைதி இல்லை. ஒரு போஸ்டரை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்க முடியுமோ, அவர்களின் பாட்டும் அவ்வளவு நேரம்தான் தாங்கியது. அதற்கப்புறம் திரும்ப முதலிலிருந்து வந்தது. அவளுக்குத் தெரியாத எதையும் அவர்கள் பாடவில்லை. சாப்பிடும்போதும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகும்போதும் அவளுக்கு ஒரே நினைப்பு: நிஜக் குரல் ஒன்று வேண்டும். அவளுக்குத் தெரிந்த நிஜக் குரல் ஒன்றுதான் இருந்தது.

ஆனி மாதத்தில் சபீனாவை வரைந்தாள். கண்களை மூடி, வாயைத் திறந்து, கூந்தல் தண்டவாளங்களாகப் பிரிந்து போகிற மாதிரி. இதுவரை செய்ததிலேயே அதுதான் அழகு என்று அவளுக்கே தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தில் நாள் என்று ஒன்றைப் போட மனம் வராமல், 'ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும்' என்று எழுதிவிட்டாள். புத்தூர், நகரி, ரேணிகுண்டா என்று ஒட்டித் தீர்த்தாள். பாட்டு ஊர் ஊராகப் போகட்டும் என்று ரேணிகுண்டாவில் நின்றிருந்த ஒரு கூட்ஸ் பெட்டியிலும் ஒன்றை ஒட்டினாள். சபீனாவிடம் சொல்லவில்லை. நேரில் வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

முதல் வெள்ளியன்று சபீனா வந்தாள். அவளுக்கு அன்று வார விடுமுறை. கண்ணை மூடியபடியே களத்துக்குள் நடந்து வந்து, மறுபடி ரயிலேறி வந்திருந்த ஆரஞ்சு நிழல்காரர்கள் வாசிக்க, அவர்கள் முன்னால் நின்று பாடினாள். கட்டுப் போட்டிருந்தவர்கள் வலி போய்விட்டது என்றார்கள். பாட்டு முடிந்ததும் வலி அதே அளவில் திரும்பி வந்தது. அதை அவர்கள் நியாயம் என்றே எடுத்துக்கொண்டார்கள். மங்கை அழுதாள். பாடி முடித்தவள் கண்ணைத் திறந்து, தான் நிற்கும் இடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, யாரிடமும் பேசாமல் கடைசி பஸ்ஸுக்கு ஓடினாள். இரண்டாவது வெள்ளியும் அப்படியே நடந்தது. கூட்டம் இரண்டு மடங்காக இருந்ததால் மங்கையால் அவள் கிட்டேகூடப் போக முடியவில்லை.

மறுநாள் காலை கடை திறந்ததும் சபீனா வந்து நின்றாள். கூட அவள் கணவர் மஸ்தான், தோளில் தூங்கும் பெண் குழந்தையோடு.

"யாரைக் கேட்டுடி என்னைப் போட்டே?" என்றாள் சபீனா.

மங்கை சிரித்துக்கொண்டே எழுந்தவள், அப்படியே நின்றாள்.

"நேத்து எனக்கு ஷிப்டு. லைன்ல நின்னுக்கினு இருந்தேன், காலு தானா கிளம்பிச்சி. கண்ணு தொறக்க வரல. நாகலாபுரத்துல ரோட்டைக் கண்ணை மூடிக்கினே தாண்டியிருக்கேன். லாரி பிரேக் அடிச்ச சத்தம் மட்டும் கேட்டுச்சி. இவ ஸ்கூல் கேட்டாண்ட நின்னுக்கினே இருந்திருக்கா. இருட்டுற வரைக்கும். வாட்ச்மேன் பிஸ்கெட் வாங்கிக் குடுத்திருக்காரு."

"நீ பாடறதை விட்டுட்டியேன்னுதான்..."

"விட்டுட்டேன்னு யாரு சொன்னா? டயம் இல்லாம எடுத்து வெச்சிருக்கேன். அது என்னோடது." அவள் குழந்தையின் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். "பாடறப்போ நல்லாத்தான் இருந்துச்சி. அதான் இன்னும் எரியுது."

மங்கை குழந்தையைப் பார்த்தாள். குழந்தையின் காலில் ஒரு ஷூ மட்டும் இருந்தது. இன்னொன்று அவிழ்ந்து எங்கோ விழுந்திருக்க வேண்டும். எந்நேரமும் மங்கையின் கால் போட்டுக்கொண்டிருந்த தாளம் அப்போதுதான் நின்றது என்று கோவர்த்தனன் பின்னால் பலரிடம் சொன்னார்.

போஸ்டரைக் கிழித்துவிடலாம் என்று மூன்று பேரும் பஸ் ஸ்டாண்டு சுவருக்குப் போனார்கள். மங்கை ஒரு மூலையைப் பிடித்து இழுத்ததும் சபீனா தலையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். முடியைப் பிடித்து இழுக்கிற மாதிரி வலித்தது. கிழிப்பதை விட்டுவிட்டார்கள். கச்சேரி தள்ளிப்போனால் போஸ்டர் மேல் குறுக்கே ஒட்டுவார்களே, அந்த மாதிரித் துண்டுகளை மங்கை அன்றைக்கே அச்சடித்தாள்: 'தேதி பின்னர் அறிவிக்கப்படும்.' வெள்ளிக்கிழமை வருவதற்குள் புத்தூர், நகரி, ரேணிகுண்டா சுவர்கள் எல்லாவற்றிலும் ஒட்டி முடித்தாள். கை விரல்கள் பசையில் வெந்து போயின.

ஆனால் கூட்ஸ் பெட்டி போய்விட்டிருந்தது. அந்த ஒரு போஸ்டர் எங்கோ குண்டக்கல் பக்கமோ விஜயவாடா பக்கமோ வெயிலில் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று போதுமாக இருந்தது. வெள்ளிக்கிழமை சபீனாவின் கால்கள் கிளம்பின.

அதற்குப் பிறகு ஆவணி வரை நடந்தது இதுதான். மஸ்தான் வெள்ளிக்கிழமைகளில் வேலைக்குப் போகவில்லை. தொழுகை முடிந்ததும் மனைவியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே பஸ் ஏறுவார். ரோட்டைத் தாண்டும்போது "நில்லு, இப்ப வா" என்பார். களத்தில் முன்வரிசையில் டிபன் பாக்ஸோடு உட்காருவார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவர் அக்கா வந்தாள். தொழிற்சாலையில் சபீனாவை இரண்டு தடவை கூப்பிட்டுக் கண்டித்தார்கள். மூன்றாவது தடவை வேலை இருக்காது என்றார்கள். மங்கையோ மாலை ஆனால் ரேணிகுண்டாவுக்கு ஓடினாள். வேலியோரமாக நடந்து, நிற்கிற பெட்டி, போகிற பெட்டி, வருகிற பெட்டி ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். நிலக்கரி, சிமெண்டு, அரிசி, உரம். தூக்கத்திலும் பெட்டிகள் ஓடின. வீட்டில் எல்லோரும் படுத்த பிறகும் அவள் கட்டிலைச் சுற்றி நடப்பதைக் கேட்டு, வேதாச்சலம் தானும் தூக்கம் இல்லாமல் தறியை நிறுத்தி நிறுத்தி ஓட்டினார். அந்த மாதம் நெய்த துணியில் கட்டம் ஒன்றுக்கொன்று சரியாக விழவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் பெட்டி திரும்பி வந்தது. கடைசித் தண்டவாளத்தில் தனியாகக் கழற்றி விடப்பட்டிருந்தது. போஸ்டரின் ஆரஞ்சு வெளுத்து, நீலம் மட்டும் நன்றாக இருந்தது. மங்கை தன்னிடமிருந்த துண்டை ஒட்டிவிட்டு வந்திருக்கலாம். பசை டப்பாவைக் கையில் எடுத்தவள், கீழே வைத்துவிட்டு சபீனாவுக்குப் போன் செய்தாள்.

மஸ்தானின் பைக்கில் சபீனா வந்தாள். பெட்டியின் முன்னால் நின்று, தன்னைத்தானே ரொம்ப நேரம் பார்த்தாள். அந்தப் போஸ்டரை அவள் நின்று நிதானமாகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"நல்லாத்தான் போட்டிருக்கே" என்றாள் கடைசியில்.

மங்கை எழுதாத வெள்ளைத் துண்டு ஒன்றையும் மார்க்கரையும் நீட்டினாள். "ரத்துன்னு எழுதிடு சபீனா. நானே எழுதினா நல்லா இருக்காது. இனிமே கேக்காம உன்னைத் தொட மாட்டேன்."

சபீனா மார்க்கரை வாங்கினாள். துண்டைப் பெட்டியின் இரும்பில் வைத்து அழுத்தி அவள் எழுதினாள்: 'தேதி: சபீனா சொல்றப்போ.' அவளே பசை தடவி, 'ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும்' என்பதன் மேல் ஒட்டி, உள்ளங்கையால் தேய்த்தாள்.

"இன்னாடி இது?" என்றாள் மங்கை.

"ரத்துன்னா எப்பவும் கிடையாதுன்னு ஆயிடும் இல்ல? எனக்கு வேணும். நான் கேக்கறப்போ வேணும்."

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் கால்கள் தொழிற்சாலையில், நின்ற இடத்திலேயே நின்றன. அதற்கடுத்த வெள்ளியும் அப்படியே. புரட்டாசி போனது, ஐப்பசி மழையில் களத்தில் தண்ணீர் நின்றது. கடைக்கு வருகிறவர்கள் அடுத்து எப்போது என்று மங்கையிடம் கேட்டார்கள். தெரியாது என்றாள். சபீனாவோடு தினமும் போனில் பேசினாள். குழந்தையின் சளி, ஷிப்டு மாற்றம், மஸ்தானின் அக்கா என்று எல்லாம் பேசினாள். அதை மட்டும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது அவளுக்குப் பல்வலி மாதிரி இருந்தது. கார்த்திகையில் ஒரு மத்தியானம், சாப்பாட்டு இடைவேளையில், சபீனாவின் குரல் செய்தி ஒன்று வந்தது. தட்டுகள் மோதும் சத்தத்துக்கு நடுவில் இரண்டே வார்த்தை: "வர்ற ஞாயித்துக்கெழமை." யாருக்கும் சொல்லி அனுப்பாமலே ஞாயிறு மாலை களம் நிறைந்தது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கண்களை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு சபீனா பாடினாள். அவை மங்கைக்குத் தெரியாத பாட்டுகள். எப்போது எழுதினாள் என்று யாருக்கும் தெரியாது. பாதியில் நிறுத்தி, இவளுக்குக் காலையில் ஸ்கூல் இருக்குது, போதும் என்றாள். ஒருவர்கூட முணுமுணுக்காமல் எழுந்து துணியைத் தட்டிக்கொண்டு போனார்கள்.

இப்போது அந்தப் போஸ்டர்களில் நாள் கிடையாது. வண்ணம் வெளுத்தால் மங்கை சபீனாவிடம் கேட்டுவிட்டு அதன் மேலேயே புதிதாக ஒட்டுகிறாள். சில மாதங்களில் சபீனா இரண்டு தடவை வந்து பாடுகிறாள், சில நேரம் பருவமே கடந்துவிடுகிறது. புத்தூரில் வேலை முடிந்து போகிறவர்கள் சந்தேகத்துக்கு ஒரு தடவை களத்துக்குள் எட்டிப் பார்ப்பார்கள், கொஞ்ச நேரம் உட்காருவார்கள். பாப்பாத்தி துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு, இன்னும் சொல்லல என்பாள். சரி என்று எழுந்து போவார்கள்.