உப்புப் பள்ளத்தின் சொந்தக்காரர்

ஹால்வர் ப்ரெக்கேயை அரசியல்வாதி ஆக்கியது ஒரு கோதுமை மூட்டை. அதைத் தைத்தவள் அவனுடைய அக்கா ராக்னா.

பெர்ன்ஸ்லி ரயில் நிலையத்தை ஒட்டிய தானியக் கிடங்கில் ஏஜென்ட் எடையில் கை வைக்கிறான் என்று ஊரெல்லாம் முணுமுணுத்தது. முணுமுணுத்ததோடு சரி. ராக்னாதான் கசாப்புக்கடைத் தராசில் அறுபது ராத்தல் கோதுமையைச் சரியாக நிறுத்து, மூட்டை கட்டி, வாயைத் தைத்துத் தம்பியின் தோளில் ஏற்றினாள். கிடங்குத் தராசு ஐம்பத்தைந்து காட்டியது. இருபது விவசாயிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹால்வர் ஒரு மரப்பெட்டிமேல் ஏறி ஆறு நிமிடம் பேசினான். அவனுக்குள் அப்படியொரு குரல் இருப்பது அதுவரை அவனுக்கே தெரியாது. தெரிந்த பிறகு அவன் அதை மூடவே இல்லை.

அடுத்த தேர்தலில் விவசாயிகளின் கட்சி அவனை நிறுத்தியது. ஜெயித்து ரெஜைனாவுக்கு, மாகாணச் சட்டமன்றத்துக்குப் போனான்.

"விதைப்புக்கு வந்துடுவேன்கா. சட்டசபை மார்ச்சோட முடிஞ்சுடும்" என்றான் கிளம்பும்போது.

"நீ வரலைன்னா கோதுமை ஒண்ணும் உனக்காகக் காத்துட்டு நிக்காதுடா" என்றாள் ராக்னா.

முதல் வருடம் வந்தான். இரண்டாம் வருடம் இரண்டு நாள் வந்தான், கூடவே ஒரு புகைப்படக்காரனும். டிராக்டரைக் கிளப்பிக் கொடுத்துவிட்டு ராக்னா ஓரமாக ஒதுங்கி நின்றாள். அவன் ஏறி உட்கார்ந்து தொடுவானத்தைப் பார்த்தான். மூன்றாம் வருடம் அந்தப் படம் மட்டும் தேர்தல் காலண்டரில் வந்து சேர்ந்தது.

மேடைக்கு மேடை மூட்டைக் கதை வளர்ந்தது. திருடுபோன ஐந்து ராத்தல் பத்தாகி, பதினைந்தானது. தைத்தவள் கதையிலிருந்து கழன்று விழுந்தாள். ஹால்வர் மாகாணத்தின் விவசாய மந்திரி ஆனபோது அவன் உள்ளங்கை பாதிரியாரின் உள்ளங்கைபோல வழவழப்பாக இருந்தது.

பிறகு காற்று திசை மாறியது. தன் கட்சி அடுத்த முறை தேறாது என்று மோப்பம் பிடித்தவன், பத்து வருடம் 'கிடங்குக்காரன் கட்சி' என்று திட்டித் தீர்த்த பெரிய கட்சியில் போய்ச் சேர்ந்தான். அவர்கள் அவனைக் கூட்டாட்சி நாடாளுமன்றத்துக்கு நிறுத்தினார்கள். "நான் உயிரோட இருக்கிறவரைக்கும் பெர்ன்ஸ்லி தண்டவாளத்துல ஒரு ஆணியைக்கூட எவனும் புடுங்க முடியாது" என்று முழங்கினான். ஊர் கைதட்டி, நாட்டின் தலைநகர் ஒட்டாவாவுக்கு அனுப்பிவைத்தது. அங்கே ஒரு வீடு வாங்கவேண்டியிருந்ததால், தன் பங்கு நிலம் முழுவதையும் அக்காவுக்கே விற்றான்.

ஆறு வருடம் கழித்து, நஷ்டத்தில் ஓடும் கிளை ரயில்பாதைகளை மூடும் மசோதா வந்தது. மூடவேண்டிய பட்டியலில் பெர்ன்ஸ்லியும் இருந்தது. ராக்னா நாடாளுமன்ற நடவடிக்கைக் குறிப்பைத் தபாலில் வரவழைத்துப் படிப்பவள். ஆதரித்தவர்கள் பட்டியலில் தம்பி பெயரைத் தேடினாள், இல்லை. எதிர்த்தவர்கள் பட்டியலிலும் இல்லை. அடுப்பங்கரை மேஜையில் உட்கார்ந்து அவனுக்கு இரண்டு பக்கம் எழுதினாள். மூன்று வாரத்தில் தட்டச்சு செய்த பதில் வந்தது.

"அன்புள்ள வாக்காளர் அவர்களுக்கு, போக்குவரத்து குறித்த தங்கள் அக்கறையை மதிக்கிறேன். நானும் ஒரு விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்தவன் என்பதைத் தாங்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை..."

பக்கத்து நிலத்துக்காரன் ஓலெக் பாபிச் அதை வாங்கிப் படித்துவிட்டு, "ஏன்கா, இந்த ஆளு உங்களுக்கு ஏதாவது உறவா?" என்று கேட்டான்.

"விசாரிக்கணும்பா" என்றாள் ராக்னா. சிரிக்கத்தான் நினைத்தாள். வரவில்லை.

தேர்தல் வந்தது. தேவாலயத்தின் நிலவறைக் கூடத்தில், காப்பியும் பெர்ரிப் பழப் பணியாரமும் பரிமாறி, ஹால்வர் பேசினான். மூட்டை இப்போது இருபது ராத்தல் இளைத்திருந்தது. கேள்வி நேரத்தில் ராக்னா எழுந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கடிதத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தாள்.

"அக்கா, அது ஆஃபீஸ்ல ஒரு பொண்ணு எல்லாருக்கும் அனுப்புறது" என்றான் ஹால்வர். காது மடல் சிவந்திருந்தது.

"உன் கையெழுத்து இருக்கே."

"அதுக்கு ரப்பர் ஸ்டாம்ப் இருக்கு."

"அப்போ ஓட்டுப் போடுற அன்னிக்கு அந்த ஸ்டாம்பையாவது சபைக்கு அனுப்பியிருக்கலாமேடா."

கூடம் சிரித்து அடங்க வெகுநேரம் ஆயிற்று. ஓட்டெடுப்பு அன்று தனக்குக் காய்ச்சல் என்று அவன் சொன்னது பின்வரிசையை எட்டவே இல்லை. பெர்ன்ஸ்லி வாக்குச்சாவடியில் அவனுக்குப் பத்தொன்பது ஓட்டு விழுந்தது. அந்தப் பத்தொன்பது பேர் யார் என்று ஊர் வசந்தம்வரை தேடியது.

தோற்றவனைக் கட்சி கைவிடவில்லை. அக்டோபரில் ஒருநாள் மதியம், பளபளக்கும் ஷூவோடு அவன் அக்காவின் அடுப்பங்கரைக்கு வந்தான்.

"மேலவையில என்னைப் போடப்போறாங்கக்கா. தேர்தல் கீர்தல் எதுவும் கிடையாது. ஆயுசு முழுக்க."

"நல்லதா போச்சு. யாரும் உன்னைத் தோக்கடிக்க முடியாது."

"ஆனா சட்டப்படி மாகாணத்துல எனக்குச் சொந்தமா நிலம் இருக்கணும். நாலாயிரம் டாலர் பெறுமான நிலம். என்கிட்ட ஒரு சாண்கூட இல்ல." அவன் காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தான், குளிரில் அப்பா பிடிப்பதைப்போலவே. ராக்னாவுக்கு மனசு இளகிவிட்டது. ஆற்றோரத்து நல்ல மண்ணிலேயே ஒரு துண்டைக் கொடுத்துவிடலாம் என்று வாய்வரை வந்தது.

"எனக்காக இல்லக்கா. இந்த விவசாய ஜனங்களுக்காகத்தான்" என்றான் ஹால்வர்.

ராக்னா கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். வண்டியில் ஏற்றி வடக்கு எல்லைக்குக் கூட்டிப்போய் இறக்கினாள். நூற்றறுபது ஏக்கர். நடுவில் வெள்ளையாக உப்புப் பூத்த சதுப்பு, சுற்றிலும் நாணல். அவர்கள் தாத்தா காலத்திலிருந்து அங்கே ஒரு கதிர் விளைந்ததில்லை.

"இங்க வாத்துகூட இறங்காதேக்கா."

"நீ என்ன உழவா போறே? நாலாயிரத்து நூறு. வேணும்னா சொல்லு."

ஹால்வர் ஷூவில் ஏறிய வெள்ளை மண்ணைப் புல்லில் துடைத்துவிட்டு, தலையாட்டினான். மறுநாளே பத்திரம் பதிவானது. நவம்பரில் வானொலி அவனை 'மண்ணின் மைந்தர், இன்றும் நிலம் வைத்திருக்கும் விவசாயி' என்று அறிவித்தபோது, ராக்னா, பெர்ன்ஸ்லிப் பாதை மூடப்பட்டுவிட்டதால், நாற்பது மைல் தள்ளியிருந்த அடுத்த கிடங்குக்குத் தானியம் ஏற்றிய லாரியை ஓட்டிக்கொண்டிருந்தாள். கைநீட்டி வானொலியை அணைத்தாள்.

மே மாதம், விதைப்பின் உச்சத்தில் ஒருநாள் காலை, மேலவை உறுப்பினர் தன் நிலத்தைப் பத்திரிகைக்காரர் ஒருவருக்குக் காட்ட வந்தார். மேலோடு காய்ந்திருந்ததைப் பார்த்துக் கெட்டித்தரை என்று நம்பிக் காரை நேரே உள்ளே விட்டார். அச்சுவரை இறங்கியது. ஹாரன் அரைமணி நேரம் விடாமல் அலறிற்று. கடைசியில் ஹால்வர் முழங்கால்வரை சேற்றோடு வயலுக்கு நடந்து வந்து, கையாட்டி டிராக்டரை நிறுத்தினான்.

"அக்கா, கொஞ்சம் வந்து இழுத்து விடேன். பேப்பர்காரன் பார்த்துட்டிருக்கான்."

ராக்னா வானத்தைப் பார்த்தாள். மேற்கே மேகம் கூடிக்கொண்டிருந்தது. இன்னும் இருபது ஏக்கர் பாக்கி.

"மழைக்கு முன்னாடி இதை முடிச்சுட்டு வரேன்" என்றாள். "அதுவரைக்கும் அவர்கிட்ட விவசாயத்தைப் பத்திப் பேசிட்டிரு."

அவள் கியரைப் போட்டாள். மழை மதியம் மூன்று மணிக்குத்தான் வந்தது.