தூக்கிப் போட்ட துணுக்குகள்

என் தங்கையைக் கட்டிக்கொண்டவர் இருக்கிறாரே, சுத்தம் சுத்தம் என்று உயிரை எடுக்கிற மனிதர். நாம் சாப்பிட்டு முடிப்பதற்குள் தட்டைக் கழுவப் பிடுங்குவார். கணினி நிரல் எழுதுவது தொழில். அதிலும் வேண்டாத ஒரு வரி இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது.

குறைமாதத்தில் பிறந்த அவர்கள் பிள்ளை ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தான். அறுவைச் சிகிச்சை முடிந்த தங்கை மேல்தளத்தில்; எழுந்திருக்கக் கூடாது. அவள் கைபேசியில் பார்க்கட்டும் என்று, அனுமதி வாங்கிப் பெட்டிக்கு மேலே ஒரு வெப்கேமை மாட்டியிருந்தார் மாப்பிள்ளை. படம் அவர் மடிக்கணினி வழியாக அவளுக்குப் போகும்படி நிரலும் எழுதியிருந்தார். அதுவரை நல்ல காரியம்தான்.

நான் மதியம் போனபோது தங்கை கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்தாள். நர்ஸ் அவள் தோளைப் பிடித்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, எல்லாரும் பொய் சொல்றாங்க. புள்ள அசையவே இல்ல!"

"படம் நின்னு போயிருக்கும்டி."

"எங்க நின்னுச்சு? அங்க நர்ஸ் கை வருது, போகுது. இவன் மட்டும்தான் அசையல."

கைபேசியை வாங்கிப் பார்த்தேன். அவள் சொன்னபடிதான் இருந்தது. கீழே ஓடினேன். அந்தப் பொடியன் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தான். மேலே வந்து சொன்னால், "நீயும் அவங்களோட சேந்துட்டியா?" என்கிறாள்! தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

வீடியோவைச் சுருக்கி அனுப்புவதுதான் என் பிழைப்பு. வராந்தாவில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் மடிக்கணினியைப் பிடுங்கினேன். கேமராவிலிருந்து தரவு ஓடிவந்தது: ஒரு பெரிய பொட்டலம், பின்னாலேயே ஒரே மாதிரி குட்டிக் குட்டித் துணுக்குகள், மறுபடி பெரியது. கைபேசிக்குப் போகிற பக்கத்தில் அந்தக் குட்டிகளில் ஒன்றுகூட இல்லை.

"இதெல்லாம் எங்க, மாப்பிள்ளை?"

"அதுவா? வடிகட்டிட்டேன் அக்கா. சும்மா திரும்பத் திரும்ப வந்துட்டே இருந்துச்சு. இத்தனூண்டு துணுக்குல என்ன பெருசா இருக்கப்போகுது? இங்க வைஃபை வேற மோசம்."

எனக்கு வந்த எரிச்சலில் மடிக்கணினியை அவர் தலையிலேயே போட்டிருப்பேன்.

"கேமரா முழுப் படத்த எப்பவாவது ஒரு தடவதான் அனுப்பும். நடுவுல, என்ன மாறிச்சோ அத மட்டும்தான் சொல்லும். கை ஆடினா பெரிய துணுக்கு. கொஞ்சமா மாறினா குட்டித் துணுக்கு. தூங்கற கொழந்தைக்கு எவ்வளவுங்க மாறும்?"

வடிகட்டும் வரியை நானே அழித்தேன்.

நாங்கள் உள்ளே போனபோது தங்கை படுத்திருந்தாள். முகத்துக்கு நேரே கைபேசி. திரையில் பிஞ்சு மார்பு ஏறி இறங்கியது.

"நான்தான்மா," என்றார் அவர், வாசலிலேயே நின்றபடி. "படத்துல சின்ன அசைவக் கொண்டுவர்ற துணுக்கெல்லாம் குப்பைன்னு நெனச்சுத் தூக்கிப் போட்டுட்டேன்."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அது அவன் மூச்சுங்க," என்றாள்.

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். திட்டுவதற்கென்று நான் சேர்த்து வைத்திருந்த அத்தனையையும் விழுங்கிக்கொண்டேன்.